கேப்ஸ் லாக்குக்கு ஒரு வேலை

ஜூன் 3, திங்கள்

கீழே பேட்டரிக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகப் பீரோ மேல் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். எங்காவது திட்டித் தீர்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

எங்கள் ஆபீஸ் திண்டுக்கல்லில், அந்தப் பேட்டரிக் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஏழு நாற்காலி, ஏழு கம்ப்யூட்டர். ஊர் ஊராகத் திருமணத் தகவல் மையங்களில் கையால் எழுதி வாங்கிய ஃபாரங்கள் கட்டுக் கட்டாக வரும். பெயர், பிறந்த நேரம், நட்சத்திரம், படிப்பு, எதிர்பார்ப்பு எல்லாவற்றையும் தமிழில் அடித்து ஏற்ற வேண்டும். பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை. எத்தனை ஆயிரம் பேர் மாலை மாற்ற நான் விரல் தேய அடித்திருக்கிறேன், ஒரு ஆள் பத்திரிகை அனுப்பியதில்லை.

இன்றைக்கு இரண்டு சேதி சொன்னார்கள். ஒன்று, எல்லா மெஷினிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டாயிற்று. இரண்டு, நாங்கள் மணிக்கு எத்தனை கீ அழுத்துகிறோம் என்று எண்ண ஒரு புரோகிராம் வந்திருக்கிறது. மணிக்கு எட்டாயிரம் அழுத்த வேண்டும். குறைந்தால் சனிக்கிழமை நோட்டீஸ் போர்டில் பெயர் சிவப்பில் வரும். மூன்று சிவப்பு வாங்கினால் வேலை போய்விடும்.

யாரும் சொல்லாத சேதி ஒன்றும் உண்டு. ராஜாத்தி அக்காவின் நாற்காலி காலி. கை வலிக்கிறது, ஒரு வாரம் லீவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். 'நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா, நாங்க வேற ஆளப் பாத்துக்கிறோம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என் கைக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று எதுவும் கிடையாது. அப்புறம் கேப்ஸ் லாக் எதற்கு? பதினோரு வருஷமாக என் இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் தண்டச் சோறு தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மத்தியானம் தயிர் சாதத்தை வைத்துக்கொண்டு செட்டிங்ஸுக்குள் நுழைந்தேன். எல்லோரும் லினக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. எந்தக் கீ எந்த வேலை செய்ய வேண்டும் என்று அது நம்மைக் கேட்கிறது. என்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

முதல் வேலையாக மூலையில் கிடந்த கண்ட்ரோலைத் தூக்கி ஆல்ட் இருந்த இடத்தில் போட்டேன். இப்போது அது கட்டைவிரலுக்கு நேர் கீழே இருக்கிறது. இனி சுண்டுவிரலை இழுத்து இழுத்து நீட்ட வேண்டாம்.

ஜூன் 5, புதன்

கேப்ஸ் லாக்குக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி அதன் பெயர் கம்போஸ் கீ. அதை ஒரு தட்டு, பிறகு இரண்டு எழுத்து. முழு வாக்கியமும் வந்து விழுந்துவிடும். எந்த இரண்டு எழுத்துக்கு எந்த வாக்கியம் என்று என் ஃபோல்டரில் ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் போதும். யாரிடமும் பாஸ்வேர்டு கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை.

கல்யாண ஃபாரத்துக்கு இது செய்து வைத்த மாதிரி இருக்கிறது. ஊருக்கு ஊர் ஆள்தான் வேறு, எழுதுவது ஒன்றேதான். 'க ப' அடித்தால் 'குடும்பப் பாங்கான பெண் தேவை'. 'ப இ' அடித்தால் 'புகை, மதுப் பழக்கம் இல்லாதவர்'. 'வ வ' அடித்தால் 'திருமணத்துக்குப் பின் வேலைக்குச் செல்ல விருப்பமில்லை'. 'எ எ' அடித்தால் 'எந்த எதிர்பார்ப்பும் இல்லை'. இப்படி எழுதுகிறவர்கள்தான் அடுத்த வரியில் ஆறு எதிர்பார்ப்பு எழுதுகிறார்கள், அது அவர்கள் பாடு.

மொத்தம் நாற்பத்திரண்டு வாக்கியம். மெஷினை நம்ப முடியாது என்று இந்த டைரியின் கடைசிப் பக்கங்களில் நகல் எடுத்து வைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. பேனா சரியில்லை.

ஜூன் 6, வியாழன்

இட்லி மாவைக் கடையில் வாங்கினேன். கிரைண்டர் கழுவ நேரமில்லை.

ஜூன் 8, சனி

போர்டில் ரிப்போர்ட் ஒட்டினார்கள். ஆறு பெயர். நான்தான் கடைசி, சிவப்பில். மணிக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

முதல் இடம் பிலோமினாவுக்கு, ஒன்பதாயிரத்து அறுநூறு. எனக்கு அடுத்த நாற்காலிக்காரி. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள், காலையில் உட்கார்ந்தால் டீக்குக்கூட எழுந்திருக்கமாட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் சிரிக்கவேயில்லை.

ஆபீஸ் பீரோவைத் திறந்து முடித்த கட்டுகளை எண்ணிப் பார்த்தேன். நான் ஒரு நாளைக்கு ஐம்பத்தெட்டு ஃபாரம். பிலோமினா முப்பத்தொன்று. எனக்குச் சிவப்பு, அவளுக்குக் கைதட்டல். எந்த ஊர் நியாயம் இது.

ஜூன் 10, திங்கள்

சூப்பர்வைசர் கதிரேசனிடம் போய் நின்றேன். முப்பது வயசு இருக்கும், கெட்ட பையன் இல்லை. எங்கள் தலைமை ஆபீஸ் சென்னையில். அந்தப் பெயரைக் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்து நிற்பான், அதுதான் அவன் கோளாறு.

"சார், நான் ஒரு நாளைக்கு அம்பத்தெட்டு ஃபாரம் முடிச்சிருக்கேன். போர்டுல முதல்ல இருக்கிறது முப்பத்தொண்ணு."

"தெரியும்க்கா. ஆனா ரிப்போர்ட்ல ஃபாரத்துக்குக் கட்டமே கிடையாது. கீக்குத்தான் கட்டம் இருக்கு."

"அப்ப ஒரு கட்டம் சேருங்க."

"அது சென்னையில பண்ணணும்க்கா. நீங்க அந்த ஷார்ட்கட்ட எல்லாம் எடுத்துட்டு முழுசா அடிங்களேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பக்கத்துத் தெருவுக்குப் பழனி சுத்திப் போகச் சொல்றீங்க. அதான?"

நான் என் இடத்துக்கு வந்து 'க ப' அடித்தேன். இருபத்துச் சொச்சம் கீ போடுகிற வேலையை மூன்று கீ செய்தது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தி.

ஜூன் 12, புதன்

லினக்ஸில் இன்னொரு சௌகரியம் கண்டுபிடித்தேன். ஸ்டிக்கி கீ என்று பெயர். ஷிப்டையும் எழுத்தையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டாம். ஷிப்டைத் தட்டிக் கையை எடுத்துவிட்டால், அடுத்த கீ வரும்வரை அது காத்திருக்கும். ஒரே கையால் எல்லாம் அடிக்கலாம். இடது கையால் அடித்துக்கொண்டே வலது கையால் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, டீ ஆறி ஆடை கட்டிருச்சு, இன்னும் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க" என்றாள் ஷகிலா பானு. எங்களில் சின்னவள், கண் நாலு பக்கமும் போகும்.

"சூடா இருந்தா நல்லாருக்குடி" என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஊறுகாய்ப் பாட்டிலை வீட்டுக்காரர்தான் திறந்தார். மூடி துருப்பிடித்திருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

இன்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டால் நான் மனுஷி இல்லை.

பதினோரு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. கதிரேசன் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தான். வத்தலக்குண்டிலிருந்து ஒரு பெண். பெயர் சிவரஞ்சனி, ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன்.

"வேலையத் தொடர விரும்புகிறேன்னு என் கையால எழுதிக் குடுத்தேன் மேடம். உங்க கம்ப்யூட்டர்ல 'வேலைக்குச் செல்ல விருப்பமில்லை'ன்னு இருக்கு. நேத்துப் பொண்ணு பாக்க வந்துட்டாங்க. எப்ப வேலைய விடுறேன்னு கேக்குறாங்க. நான் விடமாட்டேன்னா, பொய் சொல்லி வரவெச்சீங்களான்னு எங்கப்பாவப் போட்டு ஏசிட்டாங்க. அத யாரு மேடம் மாத்துனது?"

ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். நீல மையில், அழகான கையெழுத்தில், தெளிவாக எழுதியிருந்தாள். பத்தில் எட்டுப் பேர் 'விருப்பமில்லை' என்றுதான் எழுதுவார்கள். கை பழகிப் போய்த் தன்பாட்டுக்கு 'வ வ' அடித்திருக்கிறது.

"நான்தாம்மா" என்றேன். "என் தப்பு. இப்பவே சரி பண்றேன். உங்கப்பாகிட்டயும் பேசுறேன்." பேசினேன். அவர் 'பரவால்லம்மா' என்றார். அந்தப் பெண் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

கதிரேசனுக்கு இது போதாதா. "இதுக்குத்தான்க்கா சொன்னேன், ஷார்ட்கட் வேணாம்னு."

தப்பு என்னுடையது, கேப்ஸ் லாக்குடையது இல்லை. ஃபைலைத் திறந்து 'வ வ' வரியை அழித்தேன். இங்கே டைரியிலும் கோடு போட்டு அடித்துவிட்டேன். இனி வேலை பற்றிய அந்தக் கட்டத்தை மட்டும் யார் என்ன எழுதியிருந்தாலும் ஒவ்வோர் எழுத்தாகப் படித்து ஒவ்வோர் எழுத்தாக அடிப்பேன். மற்ற நாற்பத்தொன்றும் இருக்கும். யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன்.

ஜூன் 15, சனி

இரண்டாவது சிவப்பு. மூவாயிரத்து எழுநூறு. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஜூன் 17, திங்கள்

காலையில் வந்து உட்கார்ந்தால் கேப்ஸ் லாக் மறுபடி கேப்ஸ் லாக்காகிவிட்டது. கண்ட்ரோல் மூலைக்குப் போய்விட்டது. சென்னையிலிருந்தபடியே யாரோ என் செட்டிங்ஸை எல்லாம் பழையபடி மாற்றி, அந்தப் பக்கத்தையே பூட்டிவிட்டார்கள். என் ஃபைலையும் காணோம்.

பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. வந்த வேகத்தில் ஆத்திரமும் வந்தது. முன்வாசலைப் பூட்டினால் கொல்லை வாசல் இல்லாமலா போய்விடும்?

லினக்ஸில் ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கிறது. அதில் கட்டளை எழுதினால் மெஷின் கேட்கும். சாப்பாட்டு நேரம் முழுக்க போனில் தேடிப் பார்த்து ஒரே ஒரு வரி கண்டுபிடித்தேன். அடித்தேன். கேப்ஸ் லாக் மறுபடி கம்போஸ் ஆகிவிட்டது. இன்னொரு சொல் சேர்த்தேன், கண்ட்ரோல் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. பையிலிருந்த டைரியின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து நாற்பத்தொரு வாக்கியத்தையும் மறுபடி அடித்தேன்.

இதை ஒளித்து வைக்கவில்லை. கதிரேசனிடம் போய், "சார், திரும்பப் போட்டுட்டேன். நாளைக்கு அழிச்சா நாளைக்கும் போடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

அழித்திருந்தார்கள். போட்டேன்.

ஜூன் 19, புதன்

அழித்திருந்தார்கள். போட்டேன். இப்போது இருபது நிமிஷத்தில் முடிகிறது.

ஷகிலா ஒரு யோசனை சொன்னாள். சாப்பிடப் போகும்போது ஸ்பேஸ் கீ மேல் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனால் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்குமாம். "நான் ரெண்டு வாரமா அப்படித்தான்க்கா பச்சையில இருக்கேன்."

"நான் செஞ்ச வேலைக்கு நான் எதுக்குடி திருடணும்?" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம். அவளுக்கும் மூன்று சிவப்பு பயம்தானே.

ஜூன் 20, வியாழன்

என் வீட்டுக்காரர் பால்பாண்டி ஒட்டன்சத்திரம் ரூட்டில் பஸ் ஓட்டுகிறார். காலையில் டூட்டிக்குக் கிளம்புகிற மனுஷன் கண்ணாடி முன்னால் வந்து நின்றார்.

"நாலு நாளா எடது கையில தலை சீவுற."

"சும்மாதான்."

"கையக் காட்டு."

"ஒண்ணுமில்லங்க. டைம் ஆச்சு, போங்க."

"இருவத்தாறு வருசமா ஸ்டியரிங் பிடிக்கிறேன் தமயந்தி. கை வலிக்கிறவன் எப்படிப் பிடிப்பான்னு எனக்குத் தெரியாதா? வேலைய விட்டுரு. என் சம்பளம் பத்தாதா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "போன வருசம் முதுகு வலின்னு சுருண்டு கெடந்தீங்களே. பஸ்ஸ விட்டீங்களா?"

"சீட்ட மாத்துனேன்."

"நானும் சீட்டத்தான் மாத்திக்கிட்டிருக்கேன். மாத்த விடமாட்டேங்கிறாங்க."

சீப்பை வாங்கி, எனக்குத் தலை சீவிவிட்டார். கோணல் வகிடு. அதோடுதான் ஆபீஸ் போனேன்.

சரி, எழுதிவிடுகிறேன். வலிக்கிறது. ஜனவரியிலிருந்து வலிக்கிறது. மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும். பேனா நல்ல பேனாதான். ஊறுகாய் மூடியில் துரு இல்லை.

ஜூன் 21, வெள்ளி

மத்தியானம் கதிரேசன் ஒரு தாளோடு வந்தான். "அக்கா, நாளைக்கு மூணாவது ரிப்போர்ட். அதோட நீங்க விளக்கக் கடிதம் குடுக்கணும். ஏன் கீ குறைஞ்சதுன்னு. நாலு வரி போதும்."

"எழுதுறேன் சார்."

குரலைத் தாழ்த்தினான். "கை வலின்னு மட்டும் எழுதிறாதீங்க. ராஜாத்தியக்காவுக்கு என்னாச்சுன்னு தெரியும்ல. சிஸ்டம் ஸ்லோன்னு எழுதுங்க. நான் சமாளிச்சுக்கிறேன்."

நான் அவனிடம் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எத்தனை நாளாகத் தெரியும் இவனுக்கு?

அவன் போனதும் பக்கத்து நாற்காலியிலிருந்து பிலோமினா மெதுவாகக் கூப்பிட்டாள். "அக்கா, அந்த ஃபைல எனக்கும் போட்டுத் தர்றீங்களா?"

"உனக்கு எதுக்கு? நீதான் முதல் ஆளாச்சே."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். 'கார்த்திகை' என்று அடிக்கப் பார்த்தாள். 'கார்ட்' என்று விழுந்தது. அழித்தாள். 'காரத்த' என்று விழுந்தது. அழித்தாள். நாலாவது தடவைதான் சரியாக வந்தது. தன் வலது கையை மேசைமேல் மல்லாக்க வைத்தாள்.

"விரலு மரத்துப் போச்சுக்கா. எந்தக் கீயில இருக்குன்னே தெரியல. அழிச்சு அழிச்சு அடிக்கிறேன். பேக்ஸ்பேஸையும் சேத்துத்தான எண்ணுறாங்க. அதான் நான் ஃபர்ஸ்ட்."

இரண்டு வாரமாக இந்தப் பெண்மீது நான் வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

எதிரே ஷகிலா துப்பட்டாவை மணிக்கட்டிலிருந்து அவிழ்த்தாள். உள்ளே கிரேப் பேண்டேஜ். ஒரு நிமிஷத்தில் ஆறு பேரும் கையை மேசைமேல் வைத்திருந்தோம். நல்ல கை நாலுகூடத் தேறாது.

ஜூன் 22, சனி

கடிதத்தை ஒவ்வோர் எழுத்தாக, வலது கையையும் சேர்த்து வைத்துத்தான் அடித்தேன்.

'என் வலது கை வலிக்கிறது. அதனால் கீபோர்டை என் கைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். ஒரு நாளுக்கு ஐம்பத்தெட்டு ஃபாரம் முடிக்கிறேன். கை வலியை மறைத்தது தவறு. வேலையைத் தொடர விரும்புகிறேன்.'

கடைசி வரியை அடிக்கும்போது வத்தலக்குண்டுப் பெண்ணின் நீல மை ஞாபகம் வந்தது. அவள் எழுதியதை நான் ஒருமுறை மாற்றிவிட்டேன். என் வரியை இன்னொருத்தர் மாற்ற விடமாட்டேன்.

"அக்கா, அந்தக் கடைசி வரிக்கு ஒரு ஷார்ட்கட் போட்டுக் குடுங்க, நாங்களும் ஆளுக்கொரு கடிதம் அடிக்கப்போறோம்" என்றாள் ஷகிலா.

"அதுக்கு மட்டும் கிடையாது. அவங்கவங்க கையால அடிங்க."

அடித்தார்கள். பிலோமினாவுக்கு அரை மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

கதிரேசன் சிவப்பு ரிப்போர்ட்டோடு வந்தபோது ஆறு கடிதமும் அவன் மேசையில் இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"ஆறு பேரும் இப்படி எழுதினா, திங்கக்கிழம யாரு அடிப்பா?"

"அதத்தான் சார் சென்னையில கேக்கச் சொல்றோம்" என்றாள் பிலோமினா. அவள் கதிரேசனிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

போர்டில் ரிப்போர்ட்டை ஒட்டினான். எனக்கு மூன்றாவது சிவப்பு. நான் பேனாவை எடுத்துப் போய், என் பெயருக்கு நேராக, அவர்கள் போடாத கட்டத்தை நானே கோடு போட்டு, 58 என்று எழுதினேன். பிலோமினா தன் பெயருக்கு நேராக 31 என்று எழுதிக் கீழே கோடிட்டாள். கதிரேசன் பார்த்துக்கொண்டுதான் நின்றான், கிழிக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

ராஜாத்தி அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தார். இடது கையால் எழுதினார், கோணல் மாணலாக ஆறு வரி. ஏழாவது கடிதம் என் பையில் இருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

சென்னையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. கதிரேசன் ஏழாவது கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "ஆறையும் அன்னைக்கே அனுப்பிட்டேன்க்கா, இதையும் அனுப்புறேன். கூடவே ஃபாரம் கணக்கும் நானே போட்டு அனுப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னான். நாளைக்கு என்னைப் போகச் சொன்னாலும் சொல்வார்கள். சொல்லட்டும்.

இன்றைக்கு என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கம்போஸை அழித்திருந்தார்கள். ஆறு மெஷினிலும் போட்டோம்.

முதல் ஃபாரம் நிலக்கோட்டைப் பெண் ஒருத்தியுடையது. நட்சத்திரம், படிப்பு, சொந்த வீடு எல்லாம் கம்போஸில் மளமளவென்று விழுந்தன. வேலை பற்றிய கட்டத்துக்கு வந்தேன். 'தொடர்வேன்' என்று ஒரே சொல் எழுதியிருந்தாள்.

ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். வலித்தது. அடித்துவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.